சாரலுக்கு முன்னால் சாமான் கட்டணும்

வீடு மாறுவதைப் பற்றி யாரிடம் யோசனை கேட்டாலும் உடைவதைப் பற்றித்தான் சொல்வார்கள். கண்ணாடி டம்ளரைப் பேப்பரில் சுற்று, பீங்கான் தட்டைப் படுக்கப் போடாமல் நிறுத்தி அடுக்கு, பெட்டி மேலே பெரிசாக எழுதி ஒட்டு. மதுரைக்கும் சென்னைக்கும் அது போதுமாக இருக்கலாம். எங்கள் மேலகரத்தில் உடைந்து போகிற சாமானைவிட ஊறிப்போகிற சாமான்தான் அதிகம். டம்ளர் உடைந்தால் கடைவீதியில் வேறு வாங்கிக்கொள்ளலாம். நாலு மாதம் கட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததும் கல்யாணப் பட்டில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்திருந்தால் எந்தக் கடைக்குப் போவது?

என் கணவருக்கு அரசாங்க உத்தியோகம். மாற்றல் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். வறண்ட ஊர், கடலோர ஊர் என்று பல இடங்களில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஈரத்தோடு மல்லுக்கட்டுவதில் எங்கள் ஊர் தனி ரகம்.

மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது. மேற்கே மலை. அந்த மலைவரிசையில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் என்பது அதுதான். ஜூன் முதல் வாரத்தை ஒட்டிக் கேரளத்தில் பருவமழை இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம், மேகாத்தோடு அந்த இடைவெளி வழியாக வந்து எங்கள் தலையில் தூவும். நாடெங்கிலுமிருந்து சனம் வண்டி கட்டி வந்து அந்தச் சாரலில் சொக்கி நிற்கிறது. கொடியில் போர்வை காயப்போட்டவளுக்குக் கணக்கு வேறு. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர்தான். மலையின் வளத்தை அவர் பாடிவிட்டார். அவர் வீட்டு ஏடுகளை ஆனி ஆடியில் உலர்த்தி எடுத்த பெண்பிள்ளை யாரோ, அவளைப் பாட ஆளில்லை.

துணி, தோல், காகிதம், மரம், பஞ்சு எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை நேராக மேலே விழ வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் விடாமல் நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வைக் கறையும் அதற்குச் சாப்பாடு. ஆகையால் இங்கே சாமான் கட்டுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, காயவைப்பது. காய்ந்ததைக் காய்ந்த நாளில் கட்டினால் பாலிதீனில் போட்டு இறுக்கினாலும் கேடில்லை. சாரல் அடிக்கிற நாளில் அதே பாலிதீனைச் சுற்றினால் சாரலையும் உள்ளே வைத்துக் கட்டினதாக ஆகும். அந்த ஈரத்துக்கு வெளியே போக வழியே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கையைப் பிசையத் தோன்றும்.

எந்த மாதத்தில் மாறுவது? பெரியவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் கூடாது என்பார்கள். சாத்திரம் அவரவர் விருப்பம். எங்கள் ஊர்க் கணக்குக்கு அது பொருந்தித்தான் வருகிறது. ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை, சாரலின் உச்சம். அதற்குப் பிறகு செப்டம்பரில் கொஞ்சம் மூச்சு விடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு பக்கத்திலிருந்து வரும். அது சாரல் மாதிரி செல்லம் கொஞ்சாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை, தென்காசி மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை மார்கழி பிறக்கிற நேரத்தில் பெய்தது.

ஆக, தையிலிருந்து வைகாசித் தொடக்கம் வரைதான் நமக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிகிற மே மாதத்தில் எல்லாரும் மாறுவார்கள். நல்லதுதான், ஆனால் மே கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். கோடையையும் முழுக்க நம்ப முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனைக் கொண்டுபோனது எங்களுக்கெல்லாம் மறக்கவில்லை. "புது வீட்டில் பெயின்ட் வேலை பாக்கி இருக்கு, ஒரு வாரம் பொறுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த ஒரு வாரத்தில் ஜூன் வந்துவிடும். பெயின்ட் போகட்டும் என்று ஏறிவிடுவது மேல்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு வெளியூர் உத்தியோகஸ்தர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வீடு தேடி வந்தார்கள். உத்தரவு வந்தால் நல்ல மாதம் பார்க்க முடியாது, எனக்கும் அது தெரியும். மழைக்காலத்தில்தான் வந்தாக வேண்டும் என்றால், கட்டின சாமானை இரண்டு நாளைக்குள் பிரித்துவிட வேண்டும். பெட்டிகளை அப்படியே அடுக்கி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம் என்ற திட்டம் இந்த ஊரில் எடுபடாது.

அட்டைப்பெட்டியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அட்டை என்பது மடித்து ஒட்டின காகிதம்தானே. ஈரக் காற்றில் அதன் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இன்றைக்கு நாலு பெட்டி சுமந்து நின்ற அடிப்பெட்டி, ஒரு மாதத்தில் வயிறு தள்ளிச் சரியும். ஒரு நாள் பயணத்துக்கு அட்டைப்பெட்டி சரி. மாதக்கணக்கில் வைப்பதற்குத் தகர ட்ரங்குப் பெட்டிதான். அம்மா வீட்டுச் சீதனமாக வந்த பெட்டியைப் பழசு என்று இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குற்றாலம் பழக்கடைகளில் பெட்டி கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்த பெட்டியில் பழச்சாறு ஒட்டியிருக்கும், கூடவே எறும்பும் குடிவரும்.

சேலைகளில் கவனம் பட்டுக்குத்தான். நேர் வெயில் பட்டுக்கு ஆகாது, நிழலில் காற்றாடப் போட்டு எடுக்க வேண்டும். பழைய மல் வேட்டியில் சுற்ற வேண்டும். அந்துருண்டையைச் சேலை மடிப்புக்குள் போடக் கூடாது. சரிகையில் பட்டால் கறுக்கும். துணியில் முடிந்து பெட்டி மூலையில் போட்டால் அதன் வாடை போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே சரிகை இற்றுவிடும். வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும், ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியில் கறுப்பு வளையம் போட்டுவிடும்.

பித்தளைப் பாத்திரத்தில் ஒரு சூட்சுமம். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, அந்தத் திருப்தியிலேயே ஒரு துடை துடைத்துக் கட்டிவிடுவோம். கைப்பிடி இடுக்கிலும் விளிம்பு மடிப்பிலும் புளியின் மிச்சம் இருக்கும். அதுவும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்புதான். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்துச் சுடச் சுடக் காயவிட்டு, சூடு ஆறினபிறகு கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். எவர்சில்வர் தூக்குச்சட்டியாக இருந்தாலும் மூடி போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே ஒரு பேப்பர் உருண்டையைப் போட்டு மூடியைத் தனியாக வையுங்கள். தோசைக்கல், பணியாரச் சட்டி, அரிவாள்மனை மூன்றுக்கும் கொஞ்சம் எண்ணெய் தடவினால் துருப் பிடிக்காது.

சுவரில் மாட்டின படங்களை அப்படியே துணி சுற்றி அடுக்குவார்கள். செத்துப்போன மாமனார் மாமியார் படம் அதில் இருக்கும், வேறு பிரதி எங்குமே இருக்காது. ஈரம் ஏறினால் போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நெடுநாள் கட்டி வைப்பதானால் சட்டத்திலிருந்து படத்தை எடுத்து, காய்ந்த உறையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் கையில் போன் இருக்கிறதே, ஒரு படமும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்துக்கும் பத்திரத்துக்கும் எதிரி பூஞ்சை மட்டுமில்லை, இராமபாணப் பூச்சியும் கரையானும் இருக்கின்றன. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். வசம்பும் கிராம்பும் அடுக்களையிலேயே கிடைக்கிற சரக்கு. ஆனால் அது பூச்சிக்குத்தான் மருந்து, ஈரத்துக்கு இல்லை. ஈரத்துக்குச் சிலிக்கா பொட்டலமோ, அதுவும் இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த அடுப்புக்கரியைத் துணியில் கட்டியோ போடலாம். சிலர் சுட்ட சுண்ணாம்புக்கல்லை வைப்பார்கள். ஈரத்தை நன்றாகவே இழுக்கும், தண்ணீர் பட்டால் கொதித்துக் கையையும் சுடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது கரிவலம்வந்தநல்லூர் கதையைச் சொல்லாமல் எனக்கு ஓடாது. அந்த ஊர் எங்கள் மாவட்டத்தில்தான், சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம். வரகுணராம பாண்டியர் சேர்த்துவைத்த ஏட்டுச்சுவடிகள் அங்கே கோயிலில் இருந்தன. உ.வே.சாமிநாதையர் அவற்றைத் தேடிக்கொண்டு வந்தார். சிதிலமான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டைக் காலிபண்ணும் முந்தின நாள் ராத்திரி, பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவதற்கென்று ஒரு மூட்டை சேருமே, அதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தாத்தாவின் கிரயப் பத்திரம் பஞ்சாங்கத்துக்கு நடுவில்தான் கிடக்கும்.

சாமானைக் கட்டியாயிற்று, எங்கே வைப்பது? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாத வாடகைக்குச் சாமான் வைக்கிற குடோன்கள் வந்துவிட்டன. இங்கே பழைய முறைதான். வெளிநாட்டுக்கோ பம்பாய்க்கோ பிழைக்கப் போகிறவர்கள் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு மீதி வீட்டை வாடகைக்கு விடுவார்கள். சீசன் நாளில் குற்றாலம், மேலகரம், இலஞ்சிப் பக்கம் தங்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, சொந்தச் சாமானையெல்லாம் ஒரு மூலைக்குள் தள்ளிப் பூட்டுகிறவர்களும் உண்டு. ஊரிலேயே ஈரம் அதிகமான மாதத்தில் சாமானைக் கட்டிப் பூட்டுகிற வேலை அது. எந்த அறையைப் பூட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெல்லைச் சீமைப் பழைய வீடுகளில் பட்டாசலுக்கு உள்ளே அரங்கு இருக்கும். மழையடிக்கிற வெளிச்சுவர் அதற்கு இருக்காது. நெல்லும் நகையும் பத்திரமும் அங்கேதான் இருந்தன. இப்போதைய வீட்டில் அரங்கு ஏது? உபயோகமில்லாத படுக்கையறையைப் பூட்டுகிறோம். பெரும்பாலும் அது மேற்குப் பார்த்த அறை, வெக்கை தாங்காது என்றுதான் யாரும் படுப்பதில்லை. சாரல் நேராக வந்து அறைகிற சுவரும் அந்த மேற்குச் சுவர்தான். போதாததற்கு அறையோடு சேர்ந்த குளியலறை. மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாவிட்டால் சாக்கடைக் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றி, கரப்பானும் நாற்றமும் ஏறி வரும். வேறு வழியில்லாமல் அந்த அறைதான் என்றால், வடிகாலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மேலே கனமாக ஒன்றை வைத்து மூடிவிடுங்கள். பீரோ, கட்டில், பெட்டி எதுவும் மேற்குச் சுவரில் சாயக் கூடாது, ஒரு முழம் இடம் விடுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே செங்கலோ மரக்கட்டையோ கொடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் பீரோவின் காலைத்தான் முதலில் தின்னும். கரையான் வந்தாலும் செங்கல் மேல் மண் கோடு போட்டுத்தான் ஏற வேண்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சாவியை உள்ளூரில் யாரிடமாவது கொடுத்து வைக்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீட்டு மதினி. மாதத்துக்கு ஒருநாள், வெயில் முகம் காட்டுகிற நாளாகப் பார்த்து, ஒரு பொழுது கதவு சன்னலைத் திறந்து போட்டு மூடினால் போதும். மழை பெய்கிற நாளில் 'காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று திறந்தால் உபகாரம் செய்யப்போய் ஈரத்தை உள்ளே அழைத்ததாகும்.

ஃப்ரிட்ஜைப் பூட்டின அறையில் வைப்பதானால் கதவைச் சாத்தவே கூடாது. துடைத்துக் காயவிட்டு, இடையில் ஒரு துணிச் சுருளைச் செருகிக் கதவை லேசாகத் திறந்தபடி கட்டுங்கள். வண்டியில் நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கப் போட்டால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடும். போய்ச் சேர்ந்ததும் அவசரப்பட்டு சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் நிற்கவிடுங்கள். டிவியும் இன்வெர்ட்டர் பேட்டரியும்கூட நிமிர்ந்தே போக வேண்டியவை. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்னால் மாட்டியிருந்த போல்ட்டுகளைத் தேடி மறுபடி மாட்ட வேண்டும். தேடினால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

கேஸ் சிலிண்டரை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணமும் ஒரு வவுச்சரும் தருவார்கள், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம். பைக்கை ரயிலில் அனுப்புகிறவர்கள் பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு போக வேண்டும்.

உள்ளூருக்குள் மாறுகிறவர்களுக்குக் குட்டியானை போதும். லோடு ஏற்றுகிற அண்ணாச்சி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். கனமானது அடியில், கேபினை ஒட்டி. மெத்தை பக்கவாட்டில். கட்டிலின் நட்டு போல்ட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டிலேயே கட்டிவிடுவார்.

"யக்கா, தார்ப்பாய எதுக்குக் கேக்கீங்க, வானம் வெளிச்சாத்தான இருக்கு?"

"மலையைப் பாருங்க அண்ணாச்சி."

மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தால் ஊருக்குள் வெயில் அடித்தாலும் தார்ப்பாய் வேண்டும். அவருக்கும் அது தெரியும். என்னைச் சீண்டுவதற்காகக் கேட்பார்.

மலையைத் தாண்டி புனலூர், கொல்லம் என்று போகிறவர்கள் புளியரை எஸ் வளைவை நினைத்துக் கட்ட வேண்டும். உயரமாக அடுக்கின பாரம் அந்தத் திருப்பத்தில் ஆடும். 2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றிய லாரி ஒன்று அந்தப் பக்கம் ரயில் தண்டவாளத்திலேயே போய் விழுந்தது. வயதான தம்பதி டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். எல்லை தாண்டுவதால் பில் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். புழங்கின வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. ஆனால் சாமான் பட்டியல் ஒன்று எழுதி ஒரு பிரதியை டிரைவரிடம் கொடுங்கள், ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்தப் பட்டியல் இன்னொன்றுக்கும் உதவும். தூர ஊருக்கு பேக்கர்ஸ் கம்பெனியிடம் கொடுக்கும்போது சாமானின் மதிப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்ததற்கும் சேதமானதற்கும் கம்பெனியின் பொறுப்பு பொதுவாக வண்டிக்கூலியின் பத்து மடங்குக்கு மேல் போகாது. புகாரையும் வாயால் சொன்னால் நிற்காது. பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பட்டியலில் 'பெட்டி 1, பெட்டி 2' என்று அவர்கள் எழுதுவதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். நகை, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் மட்டும் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது, உங்கள் மடியில் வரட்டும்.

புது வீட்டுக்குள் முதலில் போவது குத்துவிளக்கு, சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடத் தண்ணீர். பால் காய்ச்சிவிட்டுத்தான் மற்றது இறங்கும். பழைய வாரியலை எங்கள் வீட்டில் கொண்டுபோவதில்லை. அந்தப் பாலைக் காய்ச்ச வேண்டிய அடுப்பு, பாத்திரம், தீப்பெட்டி மூன்றையும் கடைசியாக ஏற்றினால்தான் முதலில் இறங்கும். இதைக் கூலியாட்களிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

விட்டுவிட்டுப் போவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏற யாருக்கும் தெம்பில்லை. ஆட்டுரலுக்கு லோடு மேன்கள் தனிக் கூலி கேட்பார்கள், கேட்பது நியாயமும்தான். அதனால் புறவாசலில் அப்படியே கிடக்கட்டும் என்று போய்விடுகிறோம். எங்கள் பழைய வீட்டுக்காரம்மா, எனக்கு மதினி முறை, போன வைகாசியில் வீடு காலிபண்ணின ஒரு குடும்பத்தை வாசலிலேயே மறித்துவிட்டார். "ஏம்மா, போறவுக எல்லாரும் ஆளுக்கொரு ஆட்டுரல விட்டுட்டுப் போறீக. நான் என்ன இங்க மாவுக் கடையா வச்சிருக்கேன்? ஏத்து வண்டியில!" ஏற்றினார்கள். குட்டியானையின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது, அண்ணாச்சி கூலியில் இருநூறு ரூபாய் கூட்டிச் சொன்னார், கொடுத்துவிட்டுப் போனார்கள்.